தொழிலையும் நடத்திக்கொண்டு பொதுவேலை, மலையேற்றம் என்றும் அலைகிறீர்களே, அதற்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது, அதில் உங்களுக்கு என்ன கிடைத்தது?

முதலில் கிடைக்காததைச் சொல்லிவிடுகிறேன். வியாபாரம் கிடைக்கவில்லை. அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையை 26 வருடமாக நடத்துகிறேன். பொதுவேலையில் இறங்கினால் நாலு பேர் பழக்கமாவார்கள், ஆர்டர் வரும் என்று ஆரம்பத்தில் எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. இது ஒன்றும் புதிய கணக்கு இல்லை. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு சேர்ந்து ரோட்டரி சங்கத்தை ஆரம்பித்தபோது, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வதும் அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. ஊருக்கும் ஏதாவது செய்யவேண்டாமா என்ற கேள்வி அடுத்த வருடம்தான் வந்தது. அந்தச் சங்கம் முதலில் கையில் எடுத்த பொதுவேலைகளில் ஒன்று பொதுக் கழிப்பறை. எனக்கு அந்தத் தகவல் பிடிக்கும். யாரும் பெருமையாகப் படம் எடுத்து மாட்டிக்கொள்ள முடியாத வேலை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பகுதி நூலகத்தை மேம்படுத்த ஒரு குழு அமைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். முதல் கூட்டத்திலேயே, படமெல்லாம் போட்டு, 20 நிமிடம் பேசினேன். கணினி அறை ஒன்று வேண்டும், ஆறு கணினிகளை நானே வாங்கித் தருகிறேன் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மட்டும், "சாயங்காலம் அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும்?" என்று கேட்டார். அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

கணினிகள் வந்தன. வாசலில் என் பெயரோடு ஒரு பலகையும் வந்தது. மூன்றே மாதத்தில் அறை பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் பள்ளி முடிந்து வருகிற நேரத்தில் திறந்துவைக்க ஆள் இல்லை. தொழிற்சாலையாக இருந்தால் ஒருவரைக் கூப்பிட்டு, நாளை முதல் நீ பார்த்துக்கொள் என்று சொல்லியிருப்பேன். இங்கே யாரிடம் சொல்வது? யாரும் என்னிடம் சம்பளம் வாங்கவில்லை. நான் கோபப்பட்டால் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். பொதுவாக அவர் போட்ட நிபந்தனையை இதற்கு அப்புறம்தான் கவனித்தேன்: கட்டடத்துக்கு நான் தருகிறேன், நிலத்தை ஊர் தரவேண்டும், கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் பராமரிப்புக்கு ஊரே ஒதுக்கவேண்டும். இரும்புத் தொழிலில் அவர் தொழிலாளர்களை நடத்திய விதம் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் சாவி யாரிடம் இருக்கும் என்ற கேள்வியை அவர் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை.

அச்சகம் நடத்திய பெஞ்சமின் பிராங்க்ளின் இன்னொரு பாடம். 1731இல் பிலடெல்பியாவில் சந்தா நூலகம் தொடங்க ஆள் சேர்த்தபோது, இது என் யோசனை என்று சொன்னாலே ஜனங்கள் தயங்குகிறார்கள் என்று பார்த்திருக்கிறார். அதனால் தன்னை முடிந்தவரை மறைத்துக்கொண்டு, சில நண்பர்களின் திட்டம் இது, என்னைக் கேட்டு வரச் சொன்னார்கள் என்று போயிருக்கிறார். தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

இரண்டாம் தடவை நானும் அப்படித்தான் செய்தேன். பெயர்ப்பலகையைக் கழற்றினோம் (மனைவிக்குச் சிரிப்பு, எனக்குக் கொஞ்சம் வலி). கூட்டத்தில் அந்த ஆசிரியை பேசினார், நான் கணக்கு மட்டும் எழுதினேன். யார் எந்தக் கிழமை திறப்பது என்று ஒரு அட்டவணை போடவே நான்கு கூட்டம் ஆனது. நான் தனியாகப் போட்டிருந்தால் பத்து நிமிடம். ஆனால் அந்த அட்டவணை ஐந்து வருடமாக நடக்கிறது.

மலை விஷயம். 51 வயதில் ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலை ஏறப் போனேன். 5,895 மீட்டர். வழக்கமான பாதைகளில் கயிறு கட்டி ஏறத் தேவையில்லை, நடந்தே போகலாம் என்பதால் என்னைப் போன்ற நடுவயதுக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. கால் ஏறிவிடும், உடம்பு அந்த உயரத்துக்குப் பழகியிருக்காது. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். வழிகாட்டிக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. "போலே, போலே" என்று சொல்லிக்கொண்டே வந்தான். சுவாஹிலியில் மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம்.

உச்சிக்குக் கிளம்பிய இரவு, பாதிச் சரிவில், நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடந்து காட்டச் சொன்னான். இரண்டாவது அடியில் தடுமாறினேன். இறங்கலாம் என்றான். எட்டு மாதம் பயிற்சி எடுத்தேன், தலைவலிதான், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று வாதாடினேன். அவன் பதில் பேசவில்லை. என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே நடக்க ஆரம்பித்துவிட்டான். தண்ணீர்ப் புட்டி அந்தப் பைக்குள் இருந்ததால் நானும் பின்னாலேயே போனேன். தள்ளாட்டம் வந்துவிட்டால் மூளையில் நீர் கோப்பதன் அறிகுறியாக இருக்கலாம், முதல் வைத்தியம் கீழே இறங்குவதுதான் என்பதெல்லாம் அப்புறம் புரிந்தது. விடிந்தபோது, நல்ல தூரம் இறங்கியபிறகு, அதே சோதனையை ஒழுங்காகச் செய்தேன்.

உச்சியைப் பார்க்கவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். ஆனால் திரும்பி வரும் விமானத்தில் என்னைக் குடைந்தது வேறு: என் தொழிற்சாலையில் என் பையை எடுத்துக்கொண்டு இறங்கக்கூடிய ஆள் யார்? யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

அதனால் இயந்திரத்தில் நிற்பவர்களே, சந்தேகம் வந்தால், என்னைக் கேட்காமல் ஓட்டத்தை நிறுத்தலாம் என்று ஏற்பாடு செய்தோம். முதல் மாதம் நான்கு தடவை நிறுத்தினார்கள். மூன்று தடவை தேவையே இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டேன். நான்காவது தடவை பசைக் கலவை தவறாக இருந்தது. ஓடவிட்டிருந்தால் ஒரு முழு ஆர்டர் வாய் பிளந்திருக்கும்.

நேரம் எப்படிக் கிடைக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். வாரம் மூன்று மணி நேரம், ஒரே ஒரு குழு. இரண்டாவது குழுவுக்குக் கூப்பிட்டால் போவதில்லை. தலைவர் பதவி கொடுத்தாலும் முதல் இரண்டு வருடம் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அட்டவணையில் என் முறை வியாழக்கிழமை. போன வாரம் ஏழு நிமிடம் தாமதமாகச் சாவியோடு போய் நின்றேன். வாசல்படியில் உட்கார்ந்திருந்த பெண் குழந்தை என்னைப் பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன்.