பாதி வரைந்ததைக் காட்டுங்கள்

அன்புள்ள அண்ணா,

மதுரையில் வீட்டிலிருந்தே ஒரு இணையதளத்துக்கு டிசைன் செய்கிறேன். டெவலப்பர் பெர்லினில் இருக்கிறார். ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுக்கிறேன், முடிந்து வரும் பக்கம் வேறு மாதிரி இருக்கிறது. பட்டனுக்குள் தமிழ் அடங்குவதில்லை. கார்டுகள், அதாவது தகவல் பெட்டிகள், ஏறுக்குமாறாக நிற்கின்றன. கேட்டால், “உங்கள் ஃபைலில் அது இல்லையே” என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தால்தான் இது சரியாகுமா?

ர.

அன்புள்ள ர.,

அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். உங்கள் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. நான் பத்து வருடத்துக்கு மேல் டெவலப்பராக இருந்தவன், அதே வார்த்தையை நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒருமுறை ஒரு மருத்துவமனைக்கு முன்பதிவுப் பக்கம் செய்தோம். டிசைனர் வேறு ஊர். ஃபைலில் டாக்டர் பெயர்கள் எல்லாம் ஒரு வரிக்குள் அழகாக அடங்கியிருந்தன. நிஜப் பெயர்கள் பட்டங்களோடு வந்தபோது மூன்று வரி ஓடின. அதைவிட மோசம், நேரம் எதுவும் காலியில்லாத நாளுக்கு என்ன காட்டுவது என்று ஃபைலில் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு யாரிடம் கேட்பது? வெறுமையாக விட்டுவிட்டேன். பக்கம் வரவில்லை என்று நினைத்து, நோயாளிகள் திரும்பத் திரும்ப அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அது இன்றும் எனக்கு உறுத்தல்.

பக்கத்து நாற்காலியில் இருந்திருந்தால், “இது காலியா இருந்தா என்ன காட்டணும்?” என்று திரும்பிக் கேட்டிருப்பேன். தூரம் பறித்துக்கொள்வது அந்தச் சின்னக் கேள்வியைத்தான். கேட்க ஆள் இல்லாத இடத்தில் டெவலப்பர் தானாக ஒன்றை ஊகித்துக் கட்டிவிடுகிறார். அதனால் ஒவ்வொரு திரைக்கும் தகவல் இல்லாத நிலை, வந்துகொண்டிருக்கும் நிலை, பிழை வந்த நிலை, அளவுக்கு மீறி நீண்ட நிலை எல்லாவற்றையும் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை, இருந்தால் போதும்.

பட்டன் விஷயம். ‘சப்மிட்’ என்பது ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. அந்த இடத்தில் ‘சமர்ப்பிக்கவும்’ வந்து நின்றால், அளந்து வைத்த அகலம் எப்படித் தாங்கும்? அகலத்தை நிர்ணயிக்காமல், உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்பப் பெட்டியை விரியவைக்கும் ஆட்டோ லேஅவுட்டில் உள் இடைவெளியை மட்டும் கொடுங்கள். வரி உயரமும் அப்படித்தான். ஆங்கிலத் தலைப்புக்கு எழுத்தளவைப் போல 1.2 மடங்கு போதுமாக இருக்கும், அதையே தமிழில் வைத்தால் மேல் வரியின் கூ, கீழ் வரியின் கீ மேல் இடிக்கும். நான் உரைக்கு 1.6 வைத்துத் தொடங்குவேன். முதல் நாளிலிருந்தே நிஜமான தமிழ் வரிகளைப் போட்டு வரையுங்கள்.

கார்டுகள் சாய்வதற்குக் காரணம், ஃபோன் அகலமான 375 பிக்சலுக்கும் கம்ப்யூட்டர் அகலமான 1440 பிக்சலுக்கும் நடுவே ஒன்றும் வரையாததாக இருக்கலாம். திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கம் மாறுவதற்கு ரெஸ்பான்சிவ் டிசைன் என்று வெப் டிசைனர் ஈத்தன் மார்காட் பெயர் வைத்தது 2010-இல். இத்தனை வருடம் கழித்தும் இரண்டு அகலத்தோடு பலர் நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம்தான். நடுவில் கார்டு எங்கே மடங்க வேண்டும் என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். பிரவுசரை இழுத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

அதற்கு நேரம் இருக்கிறது. பெர்லின் நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். நீங்கள் மத்தியானம் சாப்பிட்டு எழும்போது அவருக்குக் காலை. வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் பேசுங்கள். டிசைன் முடிந்த பிறகு பேசிப் பயனில்லை, பாதி வரைந்திருக்கும்போதே காட்டுங்கள். அவரும் பாதி கட்டிய பக்கத்தைத் திறந்து காட்டட்டும். அப்புறம், பேசி முடிவானதை ஃபிக்மாவில் அந்தத் திரையின் மேலேயே கமெண்டாக எழுதிவையுங்கள். வாட்ஸ்அப்பில் முடிவானது பத்து நாளில் தேடினாலும் கிடைக்காது.

அடுத்த பக்கத்தைத் தொடங்கும் முன், வெறும் கட்டங்களாக ஒன்றை அவருக்கு அனுப்பி, “இதில் உங்களுக்கு என்ன சந்தேகம் வரும்?” என்று கேட்டுப் பாருங்கள். என்ன கேட்டார் என்று எனக்கும் எழுதுங்கள்.