பெரம்பூர்க்காரருக்கு ஒரு பதில்

கேள்வி: எட்டு மணி நேர வேலைக்காகக் குரல் கொடுக்கும் தொழிற்சங்கங்கள் காண்ட்ராக்ட் தொழிலாளர்களைக் கண்டுகொள்வதில்லையே? சங்கம் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தானா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: பெரம்பூரிலிருந்தா இந்தக் கேள்வி! 1918 ஏப்ரல் 27 அன்று சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கியது உங்கள் ஊரில்தானே? நிம்மதியாகச் சாப்பிட நேரம் போதவில்லை என்பது பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்களின் பெரிய மனக்குறை. அதைக் கையில் எடுத்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் மில் தொழிலாளிகள் இல்லை. அவர்களோடு சேர்ந்த பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் இல்லை. மில் பதிவேட்டில் பெயரே இல்லாதவர்கள் முன்னின்று கட்டிய சங்கம் அது. இன்று சில சங்கத் தலைவர்கள், பக்கத்து மெஷினில் நிற்பவரைக் காட்டி, "அவர் நம்ம கம்பெனி ரோலில் இல்லையே" என்கிறார்கள். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

வேலை நேரத்தைத் தனியாகக் காப்பாற்றவே முடியாது. நிரந்தர ஊழியர் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். காண்ட்ராக்ட் தொழிலாளி சொன்னால் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்பார். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, சங்கங்கள் கொதித்தன, மே தினத்தன்று அரசு வாபஸ் வாங்கியது. நல்ல வெற்றி. ஆனால் அன்றைக்கும் நம் அடுக்குமாடி வாசல்களில் செக்யூரிட்டிகள் 12 மணி நேர ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக யார் கொதித்தது?

பலமுறை எழுதியதை மறுபடியும் எழுதுகிறேன். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிற சட்டம் தமிழ்நாட்டில் 1981-லேயே வந்துவிட்டது. அந்த 480-ஐ எட்டவிடாமல் நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி வேலைக்கு எடுப்பது, காண்ட்ராக்டர் பெயரை மாற்றுவது எல்லாம் ஊரறிந்த வித்தை. சங்கம் நாள் கணக்கை எழுதி வைக்காவிட்டால் வேறு யார் வைப்பது?

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தனியாரிடம் எங்களைத் தள்ளாதே, நிரந்தரமாக்கு என்று சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். உழைப்போர் உரிமை இயக்கம் உடன் நின்றது. நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. சங்கம் கட்டியவரின் பெயர் தாங்கிய மண்டலத்துக்கே இந்தக் கதி.

நீங்கள் சங்கத்தில் இருப்பவர் என்றால், அடுத்த பொதுக்குழுவில் எழுந்து நின்று ஒன்று கேளுங்கள்: கோரிக்கைப் பட்டியலில் காண்ட்ராக்ட் தொழிலாளியின் கோரிக்கை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?