எல்லை தாண்டித் தாக்கப் போகிறார்கள் என்று போர்க்காலத்தில் வதந்தி வந்தால் தூதர்களால் என்னதான் செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். 1863 நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த நேரம்; அமெரிக்க அரசின் பக்கம் நின்ற வட தரப்பும் பிரிந்துபோன தென் தரப்பும் மோதிக்கொண்டிருந்தன. ஈரி ஏரியில், ஒஹையோ கரைப்பக்கம் இருக்கும் ஜான்சன் தீவில் தென் தரப்புப் போர்க்கைதிகள் இரண்டாயிரம் பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். எதிர்க்கரை கனடா, அதாவது பிரிட்டிஷ் மண். அங்கே அடைக்கலம் புகுந்த தென் தரப்பினர் நீராவிக் கப்பல்களைப் பிடித்து, கைதிகளை விடுவித்து, ஏரிக்கரையில் இருக்கும் அமெரிக்க நகரமான பஃபலோவையும் அழிக்கப் போவதாகக் கனடாவின் கவர்னர் ஜெனரல் மாங்க் பிரபுவுக்குத் தகவல் வந்தது.

அமெரிக்கா-பிரிட்டன் உறவும் அப்போது சரியாக இல்லை. 1861-ல் டிரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை வட தரப்புக் கடற்படை மறித்து, தென் தரப்புத் தூதர்கள் இருவரைப் பிடித்துப் போனது. பதிலுக்கு பிரிட்டன் கனடாவுக்குச் சுமார் 11,000 வீரர்களை அனுப்பியது. அந்த மனக்கசப்புக்கு நடுவில், 'எங்கள் மண்ணிலிருந்து உங்களைத் தாக்கச் சதி நடக்கிறது' என்று தானே முன்வந்து சொல்வது லேசான காரியமா? மாங்க் சொன்னார். வாஷிங்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதர் லயன்ஸ் பிரபு அதை அப்படியே அமெரிக்க அரசிடம் சேர்த்தார். நவம்பர் 11 நள்ளிரவில் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டன் ஏரிக்கரை நகரங்களுக்குத் தந்தி அடித்தார். செய்தி வெளியே தெரிந்ததும் வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். இந்தப் போரில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் இது ஒன்று.

அடுத்த வருடம் வதந்தி நிஜமானது. 1864 அக்டோபர் 19 அன்று கனடாவிலிருந்து வந்த சுமார் இருபது பேர் வெர்மான்ட்டின் செயின்ட் ஆல்பன்ஸில் மூன்று வங்கிகளைக் கொள்ளையடித்தார்கள். ஒருவர் இறந்தார். கனடா அவர்களைப் பிடித்தது. ஆனால் டிசம்பரில் மான்ட்ரியல் நீதிபதி ஒருவர், விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று விடுவித்துவிட்டார். பிடிபட்ட பணமும் அவர்கள் கைக்கே போனது! சட்டப்படி அவருக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம், எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

கொதித்துப்போன வட தரப்புப் படைத்தளபதி ஜெனரல் டிக்ஸ், இனி இப்படி வருகிறவர்களைக் கனடாவுக்குள்ளேயே துரத்திப் பிடிக்கலாம் என்று உத்தரவிட்டார். லிங்கன் சில நாட்களிலேயே அதை ரத்து செய்தார். அது நீடித்திருந்தால் இன்னொரு போரே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்புறம் மாங்க் எல்லையில் காவல் படையை நிறுத்தினார். சந்தேகத்துக்குரிய அந்நியரை வெளியேற்ற 1865 பிப்ரவரியில் கனடாவில் சட்டம் வந்தது. ஏரிகளில் போர்க்கப்பல்களைக் கட்டுப்படுத்தும் 1817-ஆம் ஆண்டு உடன்படிக்கையை முறிக்க அமெரிக்கா நோட்டீஸ் கொடுத்திருந்தது. மார்ச்சில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.