ஃபில்லர் போட்ட பின் உதடு வெளிறி நோகிறது, பொறுத்துப் பார்க்கலாமா?

வெள்ளவத்தையில் ஓர் அழகு நிலையத்தில் நேற்று உதட்டைப் பருமனாக்கும் ஃபில்லர் ஊசி போட்டதாகவும், மேலுதட்டின் ஒரு பக்கம் வெளிறி நோவதாகவும், அந்த நிலையத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பொறுக்கச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம் தங்கச்சி. இதை வாசித்ததும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

கொழும்பில் தோல் சிகிச்சைப் பிரிவொன்றில் தாதியாக இருக்கிறேன். வீக்கமும் கண்டலும் அநேகமாக எல்லோருக்கும் வரும், சில நாளில் வற்றிவிடும். வெளிறுவது வேறு விடயம். மருந்து இரத்தக் குழாய்க்குள் போய் அடைத்திருக்கலாம். இரத்தம் போகாத தோல் செத்துவிடும். அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள், மற்றப் பக்கத்தையும் அப்படியே பாருங்கள். நல்ல தோலில் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பும். பிந்தினால் அடைப்பு என்றே எடுங்கள். உடனே திரும்பினாலும் காட்டாமல் விடாதீர்கள். நோவு குறைந்தாலும் நம்பாதீர்கள்; பல ஃபில்லர்களில் விறைக்க வைக்கும் லிடோகேயின் கலந்திருக்கிறது. ஐஸை எடுத்துவிடுங்கள், அது குழாய்களை இன்னும் சுருக்கும்.

கலியாணத்துக்கு நாள் குறித்திருந்த பிள்ளை ஒருத்தியை அவளுடைய அம்மா கூட்டிவந்தார். உதட்டோரத்திலிருந்து மூக்கு மடல் வரை ஊதா நிறத்தில் வலை விரித்த மாதிரிக் கோடுகள். வைத்தியர் ஃபில்லரைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் ஊசியைப் போட்டார், காத்திருந்தார், அழுத்திப் பார்த்தார், திரும்பவும் போட்டார். மாலையில் விரலை எடுத்ததும் இளஞ்சிவப்பு ஓடிவந்தது. அந்தத் தாய் அழுததை நான் மறக்கவில்லை.

அந்த ஊசி ஹயலுரோனிக் அமில ஃபில்லரை மட்டுமே கரைக்கும். கல்சியம் ஹைட்ரொக்சிஅபடைட் போன்ற வேறு ஃபில்லர்களைக் கரைக்காது. ஆகவே என்ன மருந்து, எவ்வளவு என்று அந்த நிலையத்திடம் கேட்டு, பெட்டியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சொல்ல மறுத்தால் வாதாடி நேரத்தை விடாதீர்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிவில்லாதவர்கள் முகத்தில் ஊசி ஏற்றுவது எனக்குத் தாங்க முடியாத கோபம். அந்த முறைப்பாட்டைப் பிறகு கொடுக்கலாம்.

பார்வை மங்கினால், கண் கடுமையாக நொந்தால், இமை தொங்கினால், பேச்சுக் குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். விழித்திரை இரத்தமில்லாமல் ஒன்றரை மணித்தியாலம்கூடத் தாங்குவது அரிது. மூக்கிலும் புருவங்களுக்கு நடுவிலும் போட்டவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட.

முன்பு தேனீயோ குளவியோ கொட்டி ஒவ்வாமை வந்திருந்தால், கரைக்கும் ஊசி போடுமுன் வைத்தியரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.