ஒரு பத்திக்கு இருபது நிமிஷம்

கேள்வி: சார், பத்தாவது வரை தமிழ் மீடியம், இப்போது பிளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியம். ஒரு பத்தியைப் படிக்கவே இருபது நிமிஷம் ஆகிறது. ஒவ்வொரு வார்த்தைக்கும் டிக்‌ஷனரி பார்த்து மேலே தமிழில் எழுதிக்கொள்கிறேன், ஆனாலும் பத்தி முடியும்போது தொடக்கம் மறந்துவிடுகிறது. தினமும் ஐம்பது வார்த்தை மனப்பாடம் செய்யட்டுமா?
– பிளஸ் ஒன் மாணவர், போச்சம்பள்ளி

பதில்: வேண்டாம் தம்பி. வாரத்துக்கு முந்நூற்றைம்பது வார்த்தை, அதில் எத்தனை தங்கும் என்று உனக்கே தெரியும். உன் கஷ்டம் வார்த்தையில் இல்லை, படிக்கிற திசையில் இருக்கிறது.

‘நேற்று பர்கூரிலிருந்து வந்த மாம்பழம் இனித்தது.’ தமிழில் எந்த மாம்பழம் என்கிற விவரமெல்லாம் முன்னால் வந்துவிடும், மாம்பழம் அப்புறம்தான். ஆங்கிலத்தில் இதுவே ‘தி மேங்கோ தட் கேம் ஃப்ரம் பர்கூர் யெஸ்டர்டே வாஸ் ஸ்வீட்’. மாம்பழம் முதலிலேயே வந்துவிட்டது, விவரம் வால் மாதிரி பின்னால் வருகிறது. நீ இதைத் தமிழாக்க வேண்டும் என்று கடைசிவரை போய், திரும்ப நடுவுக்கு வந்து, மறுபடி முன்னால் போகிறாய். ஒரே வரியில் கண் மூன்று தடவை நடந்தால் இருபது நிமிஷம் ஆகாமல் என்ன செய்யும்?

அதனால் தமிழ் எழுதுவதை நிறுத்திவிட்டு பென்சிலால் கோடு போடு. தி மேங்கோ / தட் கேம் ஃப்ரம் பர்கூர் யெஸ்டர்டே / வாஸ் ஸ்வீட். மாம்பழம்... நேற்று பர்கூரிலிருந்து வந்தது... இனிப்பு. வந்த வரிசையிலேயே வாங்கிக்கொள். தட், ஹூ, விச் வந்தால் பெரும்பாலும் ‘எது? யார்?’ என்பதற்குப் பதில் வரப்போகிறது என்று அர்த்தம். முதல் வாரம் தடுமாறும், பரவாயில்லை.

இந்தப் பழக்கத்தைப் பிளஸ் ஒன் பாடத்தில் தொடங்காதே. நூறு வார்த்தையில் இரண்டு மூன்றுக்கு மேல் தெரியாதவை இருந்தால் அது படிப்பாக இருக்காது, தோண்டுவதாகத்தான் இருக்கும். ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை எடு, நண்பர்கள் கிண்டல் செய்வார்கள் என்றால் அட்டை போட்டுக்கொள். போன் கிடைக்கும்போது பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தைப் பார், காசு கிடையாது, பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழில் முதலில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் அது காப்பி அடிப்பது ஆகாது. கொஞ்சம் தேறியதும் ராஜாஜியின் மகாபாரதத்தை ஆங்கிலத்தில் படி. உங்கள் மாவட்டத்துக்காரர்தான், ஓசூர் பக்கம் தொரப்பள்ளி. சின்னச் சின்ன அத்தியாயங்கள், சகுனி என்ன செய்யப்போகிறான் என்பது உனக்கு முன்பே தெரியும், பாதி வார்த்தைக்குக் கதையே அர்த்தம் சொல்லிவிடும்.

டிக்‌ஷனரியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரே வார்த்தை மூன்றாவது தடவை வந்து நின்றால் பார், இல்லையென்றால் தாண்டு. தேர்வில் பத்தி கொடுத்துக் கேட்டால் கேள்விகளை முதலில் படித்துவிடு, அவ்வளவுதான்.

ஏற்கெனவே தமிழ் எழுதிய பக்கங்களை அழித்துக்கொண்டு உட்காராதே. அடுத்த பக்கத்திலிருந்து வெறும் கோடு போதும்.