வாசகர் கேள்வி பதில்: பனிக்கட்டிக்குள் ஒரு வாழை இலைக் கட்டு

சென்ற இதழில் ‘கிரீன்லாந்தின் பனி ஓடிக்கொண்டே இருக்கிறது’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான்கு கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த மாதம் வேறு எதையும் எடுக்கவில்லை, முழுக்கப் பனிதான்.

கேள்வி: பனிக்கட்டி திடப்பொருள் என்றுதானே ஐயா பள்ளியில் படிக்கிறோம்? திடப்பொருள் எப்படி ஓடும்? உருகித்தானே ஓட முடியும்?
– ஐந்தாம் படிவ மாணவி, கோலசிலாங்கூர்

இல்லம்மா, உருகாமலேயே ஓடுகிறது. கோவில் திருவிழா அன்னதானத்துக்கு வாழை இலை கட்டுக் கட்டாக வந்து இறங்குமே, அதில் ஒரு கட்டை மேசையில் படுக்கவைத்து மேலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பார், அசையாது. அதையே பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் இலைமேல் இலை வழுக்கி மொத்தக் கட்டும் சரிந்துவிடும். பனிப் படிகமும் இப்படித்தான். அதற்குள் தண்ணீர் மூலக்கூறுகள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து ஏடு ஏடாக அடுக்கியிருக்கின்றன. ஒரு ஏடு இன்னொன்றின் மேல் வழுக்குவது சுலபம், வேறு எந்தத் திசையில் வளைக்கப் பார்த்தாலும் ஏறக்குறைய 60 மடங்கு அதிக விசை வேண்டும். இதை முதலில் சோதித்துக் காட்டியவர்களில் மெக்கோனெல் என்பவர் முக்கியமானவர். 1891-லேயே ஒற்றைப் பனிப் படிகத்தை எடுத்து எடை வைத்து வளைத்துப் பார்த்து, சீட்டுக்கட்டு மாதிரி வழுக்குகிறது என்று எழுதிவிட்டார்.

ஆனால் கிரீன்லாந்தில் இருப்பது ஒரே படிகம் இல்லை, எண்ணி மாளாத படிகங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடப்பவை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான். நூறு சின்னச் சின்ன இலைக்கட்டுகளைத் தாறுமாறாக ஒரு கோணிக்குள் போட்டு, அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? நட்டுக்குத்தலாக நின்ற கட்டு, சாய்ந்து நின்ற கட்டு எல்லாம் மெதுவாகப் புரண்டு படுத்துக்கொள்ளும். பனிப்பாளத்தில் அப்படி மிதிப்பது மேலே ஆண்டுதோறும் விழும் பனியின் எடை, மிதிக்கும் காலம் பல்லாயிரம் ஆண்டுகள். ஆழத்துக்குப் போகப் போகப் படிகங்கள் ஒரே பக்கமாகப் படுத்துவிடுகின்றன. அப்புறம் அந்தப் பனியை மேலிருந்து நசுக்குவது கடினம், பக்கவாட்டில் தள்ளினால் கொழகொழவென்று நகரும். அதே பனி, அதே குளிர், ஆனால் ஒரு திசையில் முரடு, இன்னொரு திசையில் இளக்கம்.

தெற்குக் கிரீன்லாந்தில் டை 3 என்ற இடத்தில் 1981-இல் 2,037 மீட்டர் துளையிட்டு அடியைத் தொட்டார்கள். பிறகு அந்தத் துளை ஆண்டுக்காண்டு எப்படிச் சாய்கிறது என்று அளந்தபோது, அடியில் இருந்த பனியுகக் காலத்துப் பனி அதற்கு மேலுள்ள பனியை விட ஏறக்குறைய 3 மடங்கு சுலபமாக நகர்வது தெரிந்தது. அங்கே படிகங்கள் நன்றாக அணிவகுத்திருந்தன, அளவில் சிறியவை, பனியுகத்துத் தூசியும் கலந்திருந்தது.

கேள்வி: அண்ணே, நான் ஐஸ் லோரி ஓட்டுகிறேன். ஒரு பாளம் ஐஸ் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் எவ்வளவு கரையும் என்று என்னாலேயே சரியாகச் சொல்ல முடியவில்லை. கிரீன்லாந்து மொத்தத்தையும் கணினியில் போட்டுக் கணக்குப் பார்க்கிறார்களாமே, அதை நம்பலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

நம்ம ஊர்க்காரர் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான கணினி மாதிரிகளுக்கு அடிப்படை 1950-களில் ஜான் கிளென் ஆய்வுக்கூடத்தில் பனியை அழுத்திக் கண்டுபிடித்த விதி. அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் பனி உருமாறும் வேகம் ஏறக்குறைய 8 மடங்காகும். அருமையான விதி, ஆனால் அது பனியை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான பொருளாக எடுத்துக்கொள்கிறது. படிகங்கள் படுத்திருக்கின்றனவா நிற்கின்றனவா என்று கேட்பதே இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட, கணக்கில் ஓர் எண்ணைப் பெருக்கிவிடுகிறார்கள், இந்தப் பனி 3 மடங்கு இளக்கம் என்பது போல. அவசரத்துக்குச் சரி, ஆனால் எந்தத் திசையில் இளக்கம் என்பதை ஒற்றை எண் சொல்லாது. எனக்கு இதில் திருப்தி இல்லை, காரணமும் சொல்கிறேன்.

செயற்கைக்கோள் நமக்குக் காட்டுவது பனியின் மேற்பரப்பு வேகம் மட்டும்தான். அந்த வேகத்தில் பனி தனக்குள்ளேயே நெளிவதால் வருவது கொஞ்சம், அடியில் பாறைமேல் வழுக்குவதால் வருவது கொஞ்சம். பனியின் இளக்கத்தைத் தவறாகப் போட்டுவிட்டால், மொத்தக் கணக்கு செயற்கைக்கோள் அளவோடு ஒத்துப்போகவேண்டும் என்பதற்காகக் கணினி மாதிரி அந்தப் பிழையைப் பாறைமேல் ஏற்றிவிடும், அடித்தளம் ரொம்ப வழுக்குகிறது என்று. இன்றைய வேகம் சரியாக வந்துவிடும். ஆனால் நாளைக்கு வெப்பம் கூடி அடியில் தண்ணீர் புகும்போது என்ன நடக்கும் என்று கேட்டால் விடை தப்பாக வரும், ஏனென்றால் வேகத்துக்கான காரணமே தப்பு.

அதனால் இப்போது சில குழுக்கள் படிகங்களின் சாய்வையே கணக்குக்குள் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு படிகத்தையும் எண்ண முடியாது, நீங்கள் நினைப்பது சரி. பனிப்பாளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் படிகங்கள் மொத்தமாக எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதைச் சில எண்களில் அடக்குகிறார்கள். எளிய முறையில் மூன்று திசைக்கு மூன்று எண், கூட்டினால் 1. தாறுமாறாகக் கிடந்தால் மூன்றும் மூன்றில் ஒரு பங்கு, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் ஒன்று மட்டும் 1-ஐ நெருங்கும், மற்ற இரண்டும் சுருங்கிப்போகும். பனி ஓடினால் இந்த எண்கள் மாறும், எண்கள் மாறினால் ஓட்டம் மாறும், இரண்டையும் சேர்த்தே தீர்க்கவேண்டும். போதாததற்கு, பனி உருகுநிலையை நெருங்கும் ஆழத்தில் பழைய படிகங்களை அழித்துக்கொண்டு புதியவை வளரும், அணிவகுப்பே கலைந்து வேறு மாதிரி ஆகும். பின்லாந்தில் உருவான எல்மர் மென்பொருளில் இப்படிப்பட்ட கணக்குகளைப் போடுகிறார்கள். கணினி நேரம் ஏராளமாகப் பிடிக்கும், அதனால்தான் பெரிய அளவில் இன்னும் பரவவில்லை.

சரிபார்க்க வழி உண்டா என்றால், உண்டு. வடகிழக்குக் கிரீன்லாந்தில் ஆறு மாதிரி ஓடும் ஒரு பனி நீரோட்டத்தின் நடுவிலேயே துளையிட்டு, 2023-இல் 2,600 மீட்டருக்கும் கீழே அடித்தளத்தைத் தொட்டார்கள். அந்த இடத்தில் பனி ஆண்டுக்கு 50 மீட்டருக்கு மேல் நகர்கிறது. அங்கே படிகங்கள் படுத்துக்கிடக்கவில்லை, இழுபட்டு இழுபட்டு, ஓட்டத்துக்குக் குறுக்கான தளத்தில் அணிவகுத்திருக்கின்றன. மிதித்தால் ஒரு அணிவகுப்பு, இழுத்தால் வேறொன்று. துளையிடாமலே ரேடார் அலையை அனுப்பியும் ஓரளவு பார்க்கலாம், படிகத்தின் சாய்வைப் பொறுத்து அலையின் வேகம் இம்மியளவு மாறும்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். பனி கடலுக்கு இறங்குகிறது என்பதை நம்புங்கள், அதை நேரடியாகவே அளக்கிறார்கள். எத்தனை வேகமாக இறங்கப்போகிறது என்ற எண்ணைப் பார்க்கும்போது மட்டும், படிகத்தைச் சேர்த்துப் போட்ட கணக்கா, விட்டுவிட்டுப் போட்டதா என்று கேளுங்கள்.

கேள்வி: தென்னந்தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கடலில் பெரிய பெருக்கு வரும்போது பண்டை, அதாவது கரையோர மண் அணையை, தாண்டித் தண்ணீர் வந்துவிடுமோ என்று இங்கே எல்லோருக்கும் பயம். கிரீன்லாந்து எங்கேயோ இருக்கிறது, நமக்கு என்ன வந்தது?
– வாசகர், பாகான் டத்தோ

உங்கள் பயம் நியாயமானது ஐயா. பெருக்கு நிலவாலும் சூரியனாலும் வருவது, அது எப்போதும் இருந்தது, ஆனால் அது ஏறி நிற்கும் தளமே இப்போது மெல்ல உயர்கிறது. கிரீன்லாந்து முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சராசரியாக 7 மீட்டர் அளவுக்கு உயரும், அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும், நாளைக்கே இல்லை. தூரமும் நம்மைக் காப்பாற்றாது. அத்தனை பெரிய பனி தன் ஈர்ப்பால் கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளர்ந்து கிரீன்லாந்து ஓரத்தில் கடல் இறங்கும், நம்மைப் போல் தூரத்தில் இருப்பவர்கள் பக்கம் சராசரியை விடச் சற்றுக் கூடுதலாகவே ஏறும். பண்டை எத்தனை அடி உயர்த்தவேண்டும் என்ற கேள்விக்கு விடை அந்தப் படிகங்களிடமும் கொஞ்சம் இருக்கிறது.

கேள்வி: என் மகள் இதைத்தான் படிப்பேன் என்கிறாள். பனியே விழாத நாட்டில் இதைப் படித்து என்ன செய்வது?
– ஒரு தாய், கிள்ளான்

தாராளமாகப் படிக்கட்டும் அம்மா. மலேசியா 2011-இல் அண்டார்டிக் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது, நம் ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய்வருகிறார்கள். கணிதமும் இயற்பியலும் நன்றாக வந்தால் போதும். 1938-இல் சுவிட்சர்லாந்து மலையில் பனிப் படிகங்களை ஆராய்ந்த மாக்ஸ் பெருட்ஸ் பிற்பாடு இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் அமைப்பைக் கண்டறிந்து 1962-இல் நோபல் பரிசே வாங்கினார், படிகம் படித்த படிப்பு எங்கும் வீண்போகாது.

இப்போதைக்கு வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். மடிக்கணினித் திரையை முழு வெள்ளையாக வைத்துத் திரையைப் பார்த்தபடி போலராய்டு கறுப்புக் கண்ணாடியைத் திருப்பினால் ஓரிடத்தில் திரை இருண்டுபோகும், அங்கேயே நிறுத்திக்கொள்ளவேண்டும். ஒரு துண்டு ஐஸை வெதுவெதுப்பான சட்டியின் அடியில் தேய்த்து ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மெலிதாக்கி, கண்ணாடித் தட்டில் வைத்துத் திரைக்கு முன்னால் பிடிக்கட்டும். பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், அதுவே நிறம் காட்டிக் குழப்பும். இருட்டுக்கு நடுவே ஐஸ் மட்டும் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகத் துண்டு துண்டாக ஒளிரும், ஒவ்வொரு நிறத்துண்டும் ஒரு படிகம். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நிமிடம்கூடத் தாங்காது, மின்விசிறியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்ட பிறகு ஐஸை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.