யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? பாலஸ்தீனர் வாழ்நிலை ஆய்வு: கேள்வி – பதில்

பாலஸ்தீனக் குடும்பங்களின் வாழ்நிலையை வீடு வீடாகச் சென்று ஆராய்வது எப்படி என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மாதிரி ஆய்வும் களப் பயிற்சியும் என் தொழில். பாலஸ்தீனப் பிரச்சினைக்குத் தீர்வு என்ன என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், அது என் துறை அல்ல.

மேடம், பாலஸ்தீனர்களிடையே பெரிய அளவில் வீட்டு ஆய்வு முதலில் எப்போது நடந்தது? அதற்கு முன் கணக்கு எதுவும் இல்லையா? – மீனாட்சி, மதுரை

1992 கோடையில். நார்வேயின் ஃபாஃபோ என்ற ஆய்வு நிறுவனம் காசா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம் மூன்றிலும் சுமார் 2,500 குடும்பங்களைச் சந்தித்தது. மரியான் ஹைபெர்க் தலைமை. முடிவுகள் 1993இல் நூலாக வந்தன. வீடு, வேலை, கல்வி, உடல்நலம், பெண்களின் நிலை என எல்லாவற்றையும் ஒரே ஆய்வில் கேட்டார்கள்.

அதற்கு முந்தைய கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் களத்தின் மனநிலை புரியும். 1967 ஜூன் போரில் இந்தப் பகுதிகளைப் பிடித்த இஸ்ரேல், போர் முடிந்து மூன்று மாதத்தில், செப்டம்பரில், ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஊரடங்கு போட்டு, வீட்டுக்குள் இருந்தவர்களை எண்ணினார்கள். மேற்குக் கரையில் சுமார் 6 லட்சம், காசாவில் சுமார் 3.5 லட்சம். அம்மானில் படித்துக்கொண்டிருந்த மகன், குவைத்தில் வேலை பார்த்த தந்தை, போரில் ஜோர்டான் ஆற்றைக் கடந்து ஓடியவர்கள் யாரும் அந்தப் பதிவேட்டில் ஏறவில்லை. ஏறாதவர்கள் சொந்த ஊரில் வசிக்கும் உரிமையை இழந்தார்கள். எண்ணப்படாமல் போனால் ஊரே போய்விடும் என்பதை அந்த மக்கள் அனுபவத்தில் கண்டவர்கள். பிறகு 30 ஆண்டுகள் முழுக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. இவ்வளவும் மனத்தில் இருக்கும் ஒரு வீட்டின் வாசலில்தான் உங்கள் கள ஆய்வாளர் காகிதத்தோடு போய் நிற்கிறார்.

பாலஸ்தீன மத்தியப் புள்ளியியல் பணியகம் 1993இல் உருவானது. அதன் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1997 டிசம்பரில் நடந்தது. சுமார் 29 லட்சம் பேர். அடுத்தவை 2007இலும் 2017இலும் நடந்தன. 1997இல் கிழக்கு ஜெருசலேமில் எண்ணுவதற்கு இஸ்ரேல் தடை போட்டது. எண்ணுவது யார் என்பதே அங்கே ஆட்சி யாருடையது என்ற கேள்விதான்.

எத்தனை வீடுகள் எடுத்தால் போதும்? – அருண், கோவை

நல்ல முறையில் தேர்ந்தெடுத்த 2,500 பேரிடம் கேட்டால் ஒரு சதவீதக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். 400 என்றால் ஐந்து புள்ளி. ஆனால் வீடுகளைத் தெருத் தெருவாகக் கொத்தாக எடுப்பதால் பிழை இன்னும் கூடும். காசா, மேற்குக் கரை, அகதி முகாம் என்று தனித்தனியே முடிவு சொல்ல வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போதிய வீடுகள் வேண்டும்.

கூட்டுக் குடும்பமாக வாழ்கிறவர்களை எப்படிக் கணக்கிடுவது? ஒரு கட்டடம் என்றால் ஒரு குடும்பமா? – ஷர்மிளா, யாழ்ப்பாணம்

இதுவரை வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆய்வின் பாதி உயிர் இதில்தான் இருக்கிறது.

மேற்குக் கரையில், நாப்லஸ் நகருக்குப் பக்கத்தில் பலாட்டா அகதி முகாம் இருக்கிறது. பரப்பு கால் சதுர கிலோமீட்டர். பக்கவாட்டில் இடமில்லை, வீடு மேல்நோக்கித்தான் வளரும். மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டு நிற்கும் இரும்புக் கம்பிகள், அடுத்த மகனின் கல்யாணத்துக்கு எழும்பப்போகும் தளத்துக்கானவை. அப்படிப்பட்ட முகாமில் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். கீழே தாய், தந்தை, திருமணமாகாத மகள்; மூன்று அறைகள். முதல் தளத்தில் மூத்த மகன், மனைவி, நான்கு பிள்ளைகள்; இரண்டு அறைகள். இரண்டாம் தளத்தில் புதிதாக மணமான இளைய மகனும் மனைவியும், ஓர் அறை. தண்ணீர்த் தொட்டி பொது, மின்சார மீட்டர் ஒன்று. மூத்த மருமகள் தனியாக உலை வைக்கிறாள். இளையவள் மாமியாரோடு சேர்ந்து சமைக்கிறாள்.

சேர்ந்து வசித்து, ஒரே செலவில் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அந்த விதிப்படி இந்தக் கட்டடத்தில் இரண்டு குடும்பங்கள். வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் கீழே கூடி ஒரே தாம்பாளத்தில் மக்லூபா சாப்பிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒன்று என்று எழுதிவிடக் கூடாது.

எழுதினால் என்ன ஆகும்? 11 பேருக்கு 6 அறைகள், அறைக்கு இரண்டு பேர்கூட இல்லை, வசதியான வீடு என்று ஆகிவிடும். பிரித்து எழுதுங்கள். கீழ்க் குடும்பத்தில் 5 பேருக்கு 4 அறைகள். மூத்த மகன் குடும்பத்தில் 6 பேருக்கு 2 அறைகள், அறைக்கு மூன்று பேர். அறைக்கு மூன்று என்பதைத்தான் இடநெருக்கடியின் எல்லையாக வைப்பது வழக்கம். நான்கு பிள்ளைகள் படுக்க இடமில்லாமல் கிடப்பது ஒரு தவறான கோட்டால் மறைந்துபோகும்.

அடுத்த சிக்கல், வீட்டில் இல்லாதவர்கள். சிறையில் இருக்கும் மகன், வளைகுடாவில் இருந்து பணம் அனுப்பும் அண்ணன், அனுமதிச் சீட்டு இல்லாமல் இஸ்ரேலில் கட்டட வேலைக்குப் போய் வாரக்கணக்கில் அங்கேயே தங்கும் தகப்பன். அவர்களை வீட்டு உறுப்பினராகக் கொள்வதா என்ற விதியைக் களத்துக்குப் போகும் முன்பே எழுதி முடித்துவிட வேண்டும். இல்லாதவர்களுக்குத் தனிப் பட்டியல் வைக்கச் சொல்வேன். ஒரு தாயிடம், சிறையில் இருக்கும் அவள் மகனைக் குடும்பத்தில் சேர்க்க முடியாது என்று சொல்லும் நிலை எந்தக் கள ஆய்வாளருக்கும் வரக் கூடாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பெயர் எழுதிய தாளும் பதில் எழுதிய தாளும் ஒரே பையில் போகக் கூடாது. அனுமதி இல்லாமல் வேலை செய்கிறவரின் பெயரும் அந்தத் தகவலும் சோதனைச் சாவடியில் ஒன்றாகச் சிக்கினால் ஆபத்து அவருக்குத்தான்.

வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் கேட்டால் போதாதா? – செந்தில், சேலம்

போதாது. பகலில் போனால் வேலை இல்லாதவரும் முதியவரும்தான் கிடைப்பார்கள். வேலையின்மை விண்ணைத் தொட்டதுபோலத் தெரியும். வீட்டில் வயது வந்தவர்களைப் பட்டியலிட்டு, அச்சிட்ட தற்செயல் அட்டவணைப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் இல்லையென்றால் திரும்ப வர வேண்டும். முகாமில் தெருப் பெயரும் கதவு எண்ணும் இருக்காது. குழுவே வரைபடம் போட்டு, வீடுகளுக்கு எண் கொடுத்து, குறித்த இடைவெளியில் எடுக்க வேண்டும்.

வயது வந்தவர் எட்டுப் பேர் உள்ள வீட்டில் ஒருவர் தேர்வாகும் வாய்ப்பு எட்டில் ஒன்று. இருவர் உள்ள வீட்டில் பாதி. எனவே முதல் வீட்டுக்காரரின் பதிலுக்கு நான்கு மடங்கு எடை தர வேண்டும். இதை மறந்தால் பெரிய குடும்பத்து ஏழைகள் கணக்கில் சுருங்கிப்போவார்கள்.

பெண்ணிடம் பெண்ணே கேட்க வேண்டும், முடிந்தவரை தனியறையில். மாமியார் எதிரே உட்கார்ந்திருந்தால் மருமகள் சொல்லும் பதில் மாமியாருடையதுதான்.

1992 ஆய்வே இஸ்ரேல்–பாலஸ்தீனத் தரப்புகளின் ஓஸ்லோ ரகசியப் பேச்சுக்குப் போட்ட முகமூடி என்று படித்திருக்கிறேன். அதை எப்படி நல்ல ஆய்வு என்கிறீர்கள்? – இளங்கோ, சென்னை

தேதிகளைப் பாருங்கள். களப்பணி 1992 கோடையில் நடந்தது. பாலஸ்தீனத் தரப்பில் அகமது குரை, இஸ்ரேலியக் கல்வியாளர்கள் யாயிர் ஹிர்ஷ்ஃபெல்ட், ரான் புண்டாக் ஆகியோர் நார்வேயின் சார்ப்ஸ்போர்க்கில் கூடியது 1993 ஜனவரியில். அந்தக் கூட்டத்துக்குத்தான் ஆய்வுக் கருத்தரங்கு என்ற போர்வை போட்டார்கள், அதை நடத்தியதும் ஃபாஃபோதான். ஆய்வுக்காக ஏற்பட்ட பழக்கம் ஃபாஃபோவின் தலைவர் தெர்யே ரோட்-லார்சனுக்குப் பேச்சுவார்த்தையில் கைகொடுத்தது என்பது உண்மை. ஆனால் 2,500 வீடுகளில் கேட்ட கேள்விகள் உண்மையானவை, பதில்களும் உண்மையானவை. கணக்கு கெட்டுப்போகவில்லை.

அப்படியானால் அந்த மக்களிடம் எதற்காகக் கேட்கிறோம் என்று முழுதும் சொல்லவில்லைதானே? – ரஹ்மத், காயல்பட்டினம்

ஆய்வின் நோக்கமாகச் சொன்னது வாழ்நிலையை அறிவது. அறிந்தார்கள், நூலாகவும் வெளியிட்டார்கள். அந்தக் கோடையில் கதவைத் தட்டியவர்களுக்கு அடுத்த ஆண்டு நடக்கப்போவது தெரிந்திருக்க வழியில்லை.

ஆனாலும் உங்கள் கோபத்தின் வேரை ஏற்கிறேன். ஆய்வு நிறுவனத்தின் பெயர் ராஜதந்திரத்துக்குப் போர்வையானதன் விலையை, பின்னால் வரும் ஒவ்வொரு கள ஆய்வாளரும் வாசலில் கொடுக்க நேர்கிறது. “யார் அனுப்பினார்கள்? இந்தத் தாள் எங்கே போகும்?” என்று கேட்கும் பெரியவரிடம் உறுதியாகப் பதில் சொல்ல, இரண்டு வேலைகளும் வெவ்வேறு கூரையின் கீழ் இருந்திருக்க வேண்டும். அந்தப் பேச்சின் விளைவாக 1993 செப்டம்பர் 13 அன்று வாஷிங்டனில் ஓஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம். ஆய்வாளர் என்ற முறையில் இரண்டையும் அப்படிக் கலந்ததை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

நார்வே வெளியுறவு அமைச்சரின் மனைவிதானே ஆய்வுத் தலைவர்? இதுவே போதாதா? – இளங்கோ, சென்னை

ஹைபெர்க்கின் கணவர் யோஹான் யோர்கன் ஹோல்ஸ்ட் வெளியுறவு அமைச்சரானது 1993 ஏப்ரலில். ஆய்வு அதற்கு முந்தைய ஆண்டில் நடந்தது. வினாத்தாளிலோ மாதிரித் தேர்விலோ பிழை இருந்தால் காட்டுங்கள், பக்கம் பக்கமாக எழுதுகிறேன். யார் யாருக்குக் கணவர் என்பதால் சராசரி மாறாது.

எத்தனை வீடுகள் தேவை? – பெயர் குறிப்பிடாதவர்

அருணுக்கு மேலே எழுதியிருக்கிறேன்.

லெபனானில் பாலஸ்தீன அகதிகள் நான்கரை லட்சம் என்கிறார்கள், ஒன்றே முக்கால் லட்சம் என்றும் சொல்கிறார்கள். எது பொய்? – தமிழ்ச்செல்வி, புதுச்சேரி

இரண்டும் பொய் இல்லை. முதலாவது ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் முகமையில் பதிவானவர்களின் எண்ணிக்கை. வெளிநாடு போனவர் பெயர் அங்கே தானாக நீங்காது. இரண்டாவது, 2017இல் முகாம்களிலும் பாலஸ்தீனர் சேர்ந்து வாழும் குடியிருப்புகளிலும் வீடு வீடாக எண்ணியதில் கிடைத்த 1,74,422. அதற்கு வெளியே, ஊரோடு கலந்து வாழ்கிறவர்கள் அதில் இல்லை. பதிவேடு உரிமையைச் சொல்கிறது, வீட்டு எண்ணிக்கை இருப்பைச் சொல்கிறது. எண்ணிக்கை குறைந்ததைக் காட்டி உதவியைக் குறைக்கப் பார்க்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபம்.

வினாத்தாளைத் தமிழில் மொழிபெயர்த்து எங்கள் மாவட்டத்தில் பயன்படுத்தலாமா? – கார்த்திக், ராமநாதபுரம்

கூடாது. உங்கள் மாவட்டத்துக்கு உங்கள் கேள்விகளை எழுதுங்கள்.

வேலையின்மையை அங்கே எப்படிக் கணக்கிடுகிறார்கள்? – அனிதா, திருச்சி

கேட்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்திருந்தாலும் வேலையில் இருப்பவர் என்பது உலக விதி. சோதனைச் சாவடி மூடியதால் அந்த வாரம் போக முடியாதவர் தற்காலிகமாக வராதவரா, வேலை இழந்தவரா? தேடித் தேடி வெறுத்துப்போய்த் தேடுவதை விட்டவர் யார்? பாலஸ்தீனப் புள்ளியியல் பணியகம் இவர்களையும் சேர்த்து இரண்டாவது கணக்கும் வெளியிடுகிறது, அதையும் பார்க்க வேண்டும். 2023 அக்டோபருக்கு முன்பே காசாவில் வேலையின்மை சுமார் 45 சதவீதம்.

வருமானத்தை நேரடியாகக் கேட்டால் சொல்வார்களா? – பெயர் குறிப்பிடாதவர்

எந்த நாட்டிலும் சொல்லமாட்டார்கள். செலவைக் கேளுங்கள், பொருள்களைக் கேளுங்கள். மேற்குக் கரையில், கூரை மேல் எத்தனை தண்ணீர்த் தொட்டி, வாரத்தில் எத்தனை நாள் குழாயில் தண்ணீர் வருகிறது என்ற இரண்டு கேள்விகள் சம்பளத்தைவிட நிறையச் சொல்லும். ஜெருசலேமில் “இங்கே எத்தனை காலமாக வசிக்கிறீர்கள்” என்பதைக்கூட யோசித்துக் கேளுங்கள். வாழ்வின் மையம் நகருக்குள் இருக்கிறது என்று நிரூபிக்க முடியாதவரின் நீல அட்டை, அதாவது அங்கே வசிக்கும் உரிமைக்கான அட்டை, பறிபோன ஊர் அது. பெயர்த் தாள் தனி, பதில் தாள் தனி. மறுபடியும் சொல்கிறேன்.

வீடுகளே இடிந்துபோன காசாவில் இப்போது வீட்டு ஆய்வு செய்ய முடியுமா? – ஷர்மிளா, யாழ்ப்பாணம்

செய்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் 30 முதல் 2025 ஜனவரி 5 வரை, ஆய்வாளர் மைக்கேல் ஸ்பாகட்டின் குழுவுக்காக ரமல்லாவில் உள்ள கருத்தாய்வு மையத்தின் கள ஆய்வாளர்கள் 2,000 குடும்பங்களை நேரில் சந்தித்தார்கள். வடக்குக் காசாவுக்கும் ரஃபாவுக்கும் போக முடியவில்லை. அங்கிருந்து இடம்பெயர்ந்தவர்களைக் கூடாரங்களிலும் தங்குமிடங்களிலும் பிடித்தார்கள்.

அவர்கள் கேட்டதைக் கவனியுங்கள். இன்று கூடாரத்தில் யார் இருக்கிறார் என்பதோடு நிறுத்தவில்லை. 2023 அக்டோபர் 6 அன்று உங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள், ஒவ்வொருவரும் இப்போது எப்படி என்று கேட்டார்கள். வீடு இல்லாமல் போன இடத்தில் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தை மீட்டெடுத்தார்கள். அதுவரை வன்முறையால் இறந்தவர்கள் சுமார் 75,000 என்று அந்த மதிப்பீடு சொன்னது.

இதில் எந்த எடையாலும் சரிசெய்ய முடியாத ஓட்டை ஒன்று இருக்கிறது. முழுக் குடும்பமும் அழிந்த வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த வீடு மாதிரிக்குள் வரவே வராது. எனவே இத்தகைய கணக்கு அந்தப் பக்கத்தில் குறைவாகவே சொல்லும். எண்ணை மிகை என்று சொல்கிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

ஃபாஃபோ பற்றி இன்னும் ஒரே ஒரு கேள்வி… – இளங்கோ, சென்னை

வேண்டாம். உங்களால் மற்றவர்களின் கேள்விகள் காத்திருக்கின்றன.

மாதிரி அளவு எவ்வளவு வைக்கலாம் மேடம்? – விக்னேஷ், ஈரோடு

மேலே படியுங்கள்.

பெயர்த் தாளைத் தனியாக வை என்கிறீர்கள். பிறகு சரிபார்க்க எப்படித் திரும்பிப் போவது? – மீனாட்சி, மதுரை

பதில் தாளில் ஓர் எண் மட்டும் இருக்கும். எண்ணையும் வீட்டையும் இணைக்கும் பட்டியல் மேற்பார்வையாளரிடம், வேறு இடத்தில், பூட்டில் இருக்கும். களத்துக்கு அன்றைய வீடுகளின் பட்டியல் மட்டும் போகும். பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளரே மீண்டும் போய், யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கேட்டுவர வேண்டும். சரிபார்ப்பு முடிந்த அன்றே பட்டியலை எரித்துவிடுங்கள். நிதி கொடுத்தவர் கேட்டாலும் நகல் தராதீர்கள். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.